கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து: பாட்டிலின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் வறட்சிக்கு விற்கிற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளில் எல்லாருக்கும் இதுதான் நல்லது என்று சொல்லக்கூடிய ஒன்று கிடையாது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருக்கிறவர் என்றால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம்) இல்லாததைத்தான் வாங்க வேண்டும், எந்த பிராண்ட் என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம். நான் பல வருடமாக நாள் முழுக்கத் திரையைப் பார்த்து வேலை செய்கிற ஆள், சாயங்காலம் ஆனால் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும், அதனால் மருத்துவர் எழுதிக் கொடுத்தது, மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கியது என்று கிட்டத்தட்ட எல்லா வகையையும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்திருக்கிறேன்.

பிரிசர்வேட்டிவ் விஷயம் ஏன் முதலில் வருகிறது? ஒரு பாட்டிலைத் திறந்து பல நாள் பயன்படுத்தினால் உள்ளே கிருமி வளரும், அது வளராமல் இருக்க ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். கண் மருந்துகளில் நெடுங்காலமாக அதிகம் சேர்க்கப்படுவது பென்சால்கோனியம் குளோரைடு. சோப்பைப் போலவே எண்ணெயைக் கரைக்கும் தன்மை உள்ள பொருள் அது. கிருமியின் மேல்சவ்வைப் பிய்த்துக் கொல்கிறது, அதே வேலையைக் கருவிழியின் மேல்தோல் செல்களிடமும் ஓரளவு காட்டுகிறது, கண்ணீரின் மேல் பரவியிருக்கிற எண்ணெய்ப் படலத்தையும் கலைத்துவிடுகிறது. எப்போதாவது ஒரு சொட்டு விடுகிறவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் வறண்ட கண்ணில் அந்த ரசாயனத்தைக் கழுவிவிடுவதற்கே போதுமான கண்ணீர் இல்லை, அது அங்கேயே தங்கும், வறட்சிக்கென்று விடுகிற மருந்தே வறட்சியைக் கூட்டும். கண் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே தினமும் சொட்டு விடுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்துகளில் பலவற்றிலும் இதே பொருள்தான் இருக்கிறது, இரண்டும் சேர்ந்துகொள்ளும். நான் ஒரு சமயம் பயன்படுத்திய ஒரு சொட்டு (பெயர் வேண்டாம்) விட்ட உடனே சுரீரென்று எரியும், கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு பழையபடி சிவக்கும். லேபிளைப் பார்த்தால் இந்தப் பொருள் இருந்தது. பிரிசர்வேட்டிவ் இல்லாததற்கு மாறியதும் அந்த எரிச்சல் நின்றுவிட்டது.

எல்லா பிரிசர்வேட்டிவும் இவ்வளவு கடுமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரிஃப்ரெஷ் டியர்ஸில் இருப்பது பியூரைட், வெளிச்சம் பட்டால் உப்பாகவும் ஆக்சிஜனாகவும் தண்ணீராகவும் பிரிந்துவிடுகிற பொருள். சிஸ்டேன் அல்ட்ராவின் பாட்டிலில் இருப்பது பாலிகுவாட், அதன் மூலக்கூறு பெரியது, நம்முடைய செல்களுக்குள் அவ்வளவு சுலபமாக நுழையாது. இன்னும் சில சொட்டுகளில் சோடியம் பெர்போரேட் இருக்கும், அதுவும் கண்ணில் பட்டதும் பிரிந்துவிடும் வகைதான். நாளைக்கு ரெண்டு மூன்று முறை மட்டும் விடுகிறவருக்கு இவை போதும், நானே வேலை குறைவாக இருக்கும் நாட்களில் இவற்றை வைத்துச் சமாளித்திருக்கிறேன். ஆனால் மணிக்கு ஒருமுறை விட வேண்டிய நிலை வந்தால் இவையும் வேண்டாம்.

பிரிசர்வேட்டிவ் இல்லாதவை இரண்டு வடிவில் வரும். ஒன்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள். சுத்தம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பையில், மேசை டிராயரில், சட்டைப் பாக்கெட்டில் எங்கே வேண்டுமானாலும் ரெண்டு வைத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் முனையைத் திருகிப் பிய்த்தால் சில நேரம் பிசிர் நிற்கும், அது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முதல் சொட்டைக் கீழே விட்டுவிட்டு இரண்டாவதைக் கண்ணுக்கு விடுவது நல்லது. விரல் நடுங்குகிறவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இது சிரமம். மீதம் இருக்கிறதே என்று மூடி வைத்து மறுநாள் விடக் கூடாது. பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்து திறந்து கிடந்தால் கிருமிக்கு வசதியாகிவிடும்.

இன்னொன்று, வால்வு அல்லது வடிகட்டி வைத்த பாட்டில்கள். சொட்டு வெளியே வரும், வெளிக்காற்றோ கிருமியோ உள்ளே போகாது. ஹைலோ கோமோட் இந்த வகை. 0.1 சதவீத சோடியம் ஹைலுரோனேட், 10 மில்லி, சுமார் 300 சொட்டு, திறந்து ஆறு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே போட்டிருக்கும். பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை அழுத்த வேண்டும், ஒரு அழுத்துக்கு ஒரே அளவில் ஒரு சொட்டு விழும், எனக்கு இந்தக் கட்டுப்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டைவிரலில் நல்ல பலம் வேண்டும், மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இது உதவாது, அவர்களுக்கு வேறு யாராவது விட்டுவிட வேண்டியிருக்கும். தியாலோஸ் டுவோவின் பாட்டிலும் வடிகட்டி வைத்ததுதான், அதை அழுத்துவது இதைவிடச் சுலபம். அதில் 0.15 சதவீத ஹைலுரோனேட்டோடு 3 சதவீதம் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. வறட்சியான பாலைவனத்தில் உயிர் பிழைக்கும் சில செடிகளும் உயிரினங்களும் தங்கள் செல்களைக் காப்பாற்றிக்கொள்ள உற்பத்தி செய்கிற சர்க்கரை அது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. "பிரிசர்வேட்டிவ் இல்லை" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, பாட்டிலும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். 2023இல் அமெரிக்காவில் எஸ்ரிகேர் என்ற பெயரில் விற்ற செயற்கைக் கண்ணீர் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்று பரவி, 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. பலமுறை பயன்படுத்தும் பாட்டிலில் போதுமான பிரிசர்வேட்டிவ் இல்லாமல் அடைத்து விற்றதும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் மேல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்ன குறைகளில் ஒன்று. ஆகவே சாதாரண மூக்கு வைத்த பாட்டில், திறந்து பல நாள் வைக்கச் சொல்கிறார்கள், லேபிளில் பிரிசர்வேட்டிவே இல்லை, எப்படிக் கிருமி வராமல் இருக்கும் என்பதற்கும் விளக்கம் இல்லை என்றால் வாங்காதீர்கள். தனிக்குப்பி அல்லது வால்வு பாட்டில், இந்த இரண்டும்தான் சரி.

சரி, உள்ளே இருக்கிற மருந்துக்கு வருவோம். 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய செயற்கைக் கண்ணீர்களைப் பற்றிய 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றின் பலன் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கலாம் என்பதுதான் அங்கே வந்த முடிவு. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை, என் கண்ணும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தது. ஆனாலும் விடும்போது இருக்கிற உணர்வு, எவ்வளவு நேரம் நிற்கிறது, பார்வை எவ்வளவு மங்குகிறது என்பதில் வித்தியாசம் நிச்சயம் உண்டு, தினமும் விடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், அதாவது சாதாரண ரிஃப்ரெஷ் டியர்ஸ், தண்ணீர் மாதிரி லேசாக இருக்கும். விட்ட உடனே படிக்கலாம், வேலை பார்க்கலாம். இதம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதுதான் குறை. இதே பொருள் 1 சதவீதம் என்றால் (ரிஃப்ரெஷ் லிக்விஜெல், செல்லுவிஸ்க்) கெட்டியாக இருக்கும், நீண்ட நேரம் நிற்கும், ஆனால் கொஞ்ச நேரம் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரியும், கூட்டத்தில் பேசப் போவதற்கு முன்னால் விடாதீர்கள். ஹைப்ரோமெல்லோஸ் பழைய மருந்து, பரவாயில்லை, ஆனால் காய்ந்தபின் இமை முடியில் வெள்ளையாகப் பொருக்குப் படியும், எனக்கு அது பிடிக்கவில்லை.

சிஸ்டேன் அல்ட்ராவில் பாலிஎத்திலீன் கிளைக்கால் 0.4 சதவீதமும் புரொப்பிலீன் கிளைக்கால் 0.3 சதவீதமும் இருக்கின்றன, கூடவே குவார் பிசின். பாட்டிலில் தண்ணீர் போல இருக்கும், கண்ணீரோடு கலந்ததும் அந்தப் பிசின் மெல்லிய ஜெல்லாகிக் கண்ணின் மேல் பிடித்துக்கொள்ளும். பிரிசர்வேட்டிவ் இல்லாத வடிவிலும் வருகிறது. லேசான சொட்டுகளில் அதிக நேரம் நின்றது என்றால் எனக்கு இதுதான்.

சோடியம் ஹைலுரோனேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் இப்போது என் மேசையில் இருப்பது அதுதான். இது நம் உடம்பிலேயே இருக்கிற பொருள், மூட்டுகளில், கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லில் எல்லாம் உண்டு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட அழகான குணம் ஒன்று இருக்கிறது: கண் திறந்து சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கும், இமைக்கும்போது அந்த அழுத்தத்தில் இளகிப் பரவும், மறுபடி கெட்டியாகும். அதனால்தான் நன்றாக நிற்கவும் செய்கிறது, பார்வையையும் அவ்வளவு மறைப்பதில்லை. 0.1 முதல் 0.2 சதவீதம் வரை பல பிராண்டுகளில் கிடைக்கிறது. காற்றாடியும் ஏசியும் ஓடுகிற அறையில் நீண்ட நேரம் உட்கார வேண்டுமென்றால் நான் 0.2 எடுப்பேன். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சில ஹைலுரோனேட் சொட்டுகளில் பாஸ்பேட் சேர்ந்திருக்கும். கருவிழி ஏற்கெனவே மோசமாகப் புண்பட்டிருப்பவர்களுக்கு அது அரிதாகச் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கியிருக்கிறது, அப்படிப்பட்டவர்கள் பாஸ்பேட் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு விட்டும் சிலருக்குக் கேட்காது. அதற்குப் பெரும்பாலும் காரணம், அவர்களுக்குக் குறைவது தண்ணீர் இல்லை, எண்ணெய். கண்ணீர் என்பது வெறும் நீர் கிடையாது: அடியில் சளித்தன்மை உள்ள படலம், நடுவில் நீர், மேலே எண்ணெய். இமை ஓரத்தில் இருக்கிற மைபோமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் கண்ணீர் சுரந்தாலும் நிற்காது, ஆவியாகிவிடும். கண் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பிரச்சினை தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. அவர்கள் லேசான சொட்டை மேலும் மேலும் விடுவது, மூடி இல்லாத பாத்திரத்தை வெயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது மாதிரிதான். இமை ஓரம் சிவந்து தடித்திருப்பது, காற்று பட்டால் அதிகமாவது, கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்டுவது எல்லாம் இதன் அடையாளமாக இருக்கலாம். தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று பலர் நம்ப மறுக்கிறார்கள். கண் எரிச்சலைத் தணிக்க உடம்பு அவசரமாகச் சுரக்கிற நீர் அது, எண்ணெய் இல்லாததால் கண்ணில் தங்காமல் வழிந்துவிடுகிறது.

இவர்களுக்கு எண்ணெய் கலந்த சொட்டுதான் பொருத்தம். சிஸ்டேன் கம்ப்ளீட் பால் நிறத்தில் இருக்கும், 0.6 சதவீத புரொப்பிலீன் கிளைக்காலோடு மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள், விடுவதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும். ஆமணக்கெண்ணெய் சேர்த்தவையும் இருக்கின்றன. விட்டதும் சில நொடி பனிமூட்டமாகத் தெரியும், பிறகு தெளிந்துவிடும். இதில் புதிதாக வந்தது பெர்ஃப்ளூரோஹெக்ஸைல் ஆக்டேன், அமெரிக்காவில் மீபோ என்ற பெயரில் 2023 மே மாதம் அனுமதி பெற்றது, அங்கே சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். அந்தச் சொட்டில் தண்ணீரே கிடையாது, அதனால் பிரிசர்வேட்டிவும் தேவையில்லை. கண்ணீரின் மேல் பரவி ஆவியாவதைத் தடுக்கிறது.

எண்ணெய்க் குறைவு என்று தெரிந்தால் சொட்டோடு சேர்த்து வெந்நீர்த் துணி ஒத்தடமும் வேண்டும். தாங்கக்கூடிய சூட்டில் மூடிய இமை மேல் அஞ்சு பத்து நிமிஷம், அப்புறம் இமை ஓரத்தை மெதுவாக நீவிவிடுவது. கட்டியான எண்ணெய் சூட்டில்தான் இளகும். எந்தச் சொட்டும் தராத நிம்மதி எனக்கு இதில் கிடைத்தது, சொட்டு மருந்தைப் பற்றி எழுதும்போதும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இரவுக்கு ஜெல்லும் களிம்பும் இருக்கின்றன. கார்போமர் ஜெல் நடுத்தரமான கெட்டி, படுக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் விடலாம். வாஸ்லின், மினரல் ஆயில் கலந்த களிம்பு இருப்பதிலேயே கெட்டி, இமை சரியாக மூடாமல் தூங்குகிறவர்களுக்கும் காலையில் கண்ணைத் திறக்கவே முடியாமல் ஒட்டிக்கொள்கிறவர்களுக்கும் நல்ல மருந்து. போட்டபின் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, வண்டி ஓட்டக் கூடாது, விளக்கை அணைத்துவிட்டுப் போடுவதுதான் சரி.

சிவப்பைப் போக்கும் சொட்டுகளை வறட்சிக்கு விடவே விடாதீர்கள். டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் என்று லேபிளில் இருந்தால் அது ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டுகிற மருந்து, ஈரப்பதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மருந்தின் வேகம் இறங்கியதும் கண் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். மருந்துக்கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

விடுகிற முறையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு தடவைக்கு ஒரு சொட்டு போதும். கீழிமையை இழுத்தால் கிடைக்கிற பையில் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும், பாட்டிலிலிருந்து விழுகிற ஒரு சொட்டே பெரும்பாலும் அந்த அளவுக்குக் குறைவில்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். முனை கண்ணிலோ இமை முடியிலோ படக் கூடாது. வேறு சொட்டும் விடுகிறவர்கள் நடுவில் குறைந்தது அஞ்சு நிமிஷம் விடுங்கள், கெட்டியானதைக் கடைசியில். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் அதன் மேலேயே விடலாம், பென்சால்கோனியம் உள்ளது என்றால் லென்ஸைக் கழற்றி, விட்டு, 15 நிமிஷம் கழித்துத்தான் மாட்ட வேண்டும். இன்னொன்று, எரிய ஆரம்பித்தபின் விடுவதைவிட எரிவதற்கு முன்பே நேரம் வைத்து விட்டால் குறைந்த சொட்டிலேயே நாள் ஓடிவிடுகிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே பாதியாகக் குறைந்துவிடுகிறது, அதைச் சரிசெய்யாமல் எந்த பிராண்டைக் குறை சொல்வதும் நியாயம் இல்லை. புதிதாக ஒன்றுக்கு மாறினால் சில வாரமாவது தொடர்ந்து விட்டுப் பாருங்கள், ரெண்டே நாளில் தீர்ப்பு சொல்ல முடியாது.

வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசுவது, பார்வை குறைவது, மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை கட்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் சொட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டும் வலிக்கிறது என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற ஷோக்ரன் நோயாக இருக்கலாம், அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். கண் மருத்துவரிடம் போனால் கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி அஞ்சு நிமிஷம் வைத்துப் பார்ப்பார்கள், 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் நீர் சுரப்பே குறைவு என்று கொள்வார்கள். சாயம் விட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்ப்பார்கள், பத்து நொடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று அர்த்தம். அழற்சியும் சேர்ந்திருந்தால் சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதம் போன்ற மருந்தை எழுதுவார்கள். அது வேறு வகை மருந்து, விட்ட உடனே இதம் தராது, ஆரம்பத்தில் எரியக்கூட எரியும், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்கும் செயற்கைக் கண்ணீரையும் கூடவே விடலாம், இரண்டுக்கும் நடுவில் 15 நிமிஷம் இடைவெளி இருந்தால் போதும்.